வாக்குப்பதிவு இயந்திரமும் பேட்டரியும்: குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஒரு கருவியின் வரலாறு

இந்தியத் தேர்தல்களில் பயன்படும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், மின் இணைப்பு எதுவும் இல்லாமல் பேட்டரியில் மட்டுமே இயங்குகிறது. பொறியியல் மொழியில் இது ஓர் உட்பொதி அமைப்பு. குறிப்பிட்ட ஒரு வேலைக்காக மட்டும் ஒரு கருவிக்குள் பொருத்தப்படும் சிறு கணினியை உட்பொதி அமைப்பு என்பர். மின் மீட்டர், டிஜிட்டல் கைக்கடிகாரம், சலவை இயந்திரம் ஆகியவற்றுக்குள்ளும் இத்தகைய கணினிகளே உள்ளன. செயலி, நினைவகம், உள்ளீடு வெளியீட்டு வசதிகள் ஆகிய மூன்றும் ஒரே சிப்பில் அடங்கிய நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகன்ட்ரோலர்) இவற்றின் மூளையாகும்.

வாக்குப்பதிவு இயந்திரத்தின் அரசியல் வரலாறு பலரால் எழுதப்பட்டுள்ளது. அதன் மின்செலவின் வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. இயந்திரத்தின் உருவம், அதன் பலம், அதன்மீது எழுந்த கேள்விகள் ஆகியவற்றில் பெரும்பகுதியை, அது பேட்டரியில் ஓட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

வாக்குச்சாவடி என்னும் சூழல்

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் சிவகிரி. இது வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதியையும் தென்காசி மக்களவைத் தொகுதியையும் சேர்ந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இப்பகுதியில் வாக்குச்சாவடி என்றால் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைதான். தமிழ்நாட்டில் தேர்தல்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் நடக்கின்றன. அப்போது பிற்பகலில் கோடை இடி மழை வந்தால் மின்சாரம் நின்றுபோவது மலையடிவார ஊர்களில் வழக்கமான ஒன்று. கம்பி ஊருக்கு வந்துவிட்டது என்பதும், வாக்குப்பதிவு முடியும் வரை மின்சாரம் தடையில்லாமல் இருக்கும் என்பதும் வெவ்வேறு.

நாடு முழுவதற்கும் ஒரே இயந்திரம் என்று முடிவு செய்யும்போது, இமயமலைக் கிராமத்தையும் ராஜஸ்தான் பாலைவனத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். இயந்திரத்தைச் சுமந்து செல்பவரும் இயக்குபவரும் பொறியாளர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் சில பயிற்சி வகுப்புகளுக்குப் பின் அதை இயக்குகின்றனர். ஆகவே கையில் தூக்கிச் செல்லும் எடை, மின் இணைப்பு தேவையின்மை, குறைவான பட்டன்கள், வெயிலையும் தூசியையும் தாங்கும் உடல் ஆகியவை தொடக்கத்திலேயே கட்டாயத் தேவைகளாயின.

தொடக்கம்

1977ஆம் ஆண்டு தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ். எல். சக்தர் காலத்தில் இந்த எண்ணம் உருப்பெற்றது. ஐதராபாத்தில் உள்ள பொதுத்துறை நிறுவனமான எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா (ஈ.சி.ஐ.எல்.) 1979இல் முன்மாதிரியை உருவாக்கியது. 1980 ஆகஸ்ட் 6 அன்று அது அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளுக்குச் செய்து காட்டப்பட்டது. பின்னர் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இப்பணியில் சேர்ந்தது. இந்த நிறுவனத்தையும் திருச்சியில் ஆலை கொண்ட பாரத மிகுமின் நிறுவனத்தையும் தமிழில் ‘பெல்’ என்றே சொல்வதால் குழப்பம் நேர்வதுண்டு. வாக்குப்பதிவு இயந்திரம் செய்தது பெங்களூரு நிறுவனமே.

இயந்திரத்தின் புற வடிவமைப்பில் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையம் பங்கு பெற்றது. பெங்களூரில் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்டவர்களில் ஒருவர் பொறியாளர் எஸ். ரங்கராஜன். தமிழ் வாசகர்கள் அவரை ‘சுஜாதா’ என்று அறிவார்கள். 1935இல் சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர் அவர். அறிவியலை எளிய தமிழில் எழுதி இளைஞர்களிடம் கொண்டு சேர்த்தவர், கிராமத்து வாக்காளர் கைக்குச் சென்ற கருவியிலும் பங்கு பெற்றிருந்தார்.

1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில், 84 வாக்குச்சாவடிகளில் 50இல் இயந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை 123 வாக்குகளில் வென்றார். தோற்ற ஏ. சி. ஜோஸ் நீதிமன்றம் சென்றார். சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டைப் பற்றி மட்டுமே பேசுகின்றன, இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் மறு வாக்குப்பதிவு நடந்து, ஜோஸ் வெற்றி பெற்றார். இயந்திரம் பழுதானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அதற்குச் சட்டத்தின் அனுமதி இல்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை.

1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அது 1989 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 1990இல் பேராசிரியர் எஸ். சம்பத் தலைமையிலான வல்லுநர் குழு இயந்திரத்தை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. இருந்தும் பரவலான பயன்பாடு 1998இல்தான் தொடங்கியது. அந்த ஆண்டு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், தில்லி ஆகிய இடங்களில் 16 சட்டமன்றத் தொகுதிகளில் இயந்திரம் வைக்கப்பட்டது.

மின்சாரத்தைச் சேமிக்கும் முறை

வாக்குப்பதிவு இயந்திரத்தில் இரு பெட்டிகள் உண்டு. அலுவலர் மேசையில் இருப்பது கட்டுப்பாட்டுக் கருவி. மறைவிடத்தில் வாக்காளர் முன் இருப்பது வாக்குப்பதிவுக் கருவி. இரண்டையும் 5 மீட்டர் நீளமுள்ள கேபிள் இணைக்கிறது. பேட்டரி கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ளது. பழைய இயந்திரங்களில் 6 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியும், பின்னர் 7.5 வோல்ட் பேட்டரித் தொகுப்பும் பயன்பட்டன.

ஒரு வாக்கு பதிவாக என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அலுவலர் ‘பேலட்’ பட்டனை அழுத்துகிறார். வாக்காளர் பக்கம் பச்சை விளக்கு எரிகிறது. அவர் சின்னத்துக்கு எதிரே உள்ள நீல பட்டனை அழுத்துகிறார். அருகே சிவப்பு விளக்கு எரிகிறது, ‘பீப்’ ஒலி கேட்கிறது. வாக்கு நினைவகத்தில் எழுதப்படுகிறது. அலுவலர் மீண்டும் ‘பேலட்’ அழுத்தும் வரை வாக்காளர் பக்கம் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. நிமிடத்துக்கு 5 வாக்குகளுக்கு மேல் பதியாதபடி இயந்திரம் வடிவமைக்கப்பட்டது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றிச் சீட்டுகளில் கட்டுக்கட்டாக முத்திரை குத்தும் வழக்கத்துக்கு இது ஒரு தடையாயிற்று.

இதில் கணினிக்கு உண்மையான வேலை ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிதான். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கருவிகளை வடிவமைப்பதில் முதல் பாடம் இதுவே: காத்திருக்கும் நேரத்தில் எதற்கும் மின்சாரம் செலவாகக் கூடாது. ஓர் உதாரணக் கணக்கு இதை விளக்கும். 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு உள்ள பேட்டரி ஒன்றில், எப்போதும் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி 100 மணி நேரம் ஓடும். அதே கருவி 100 நொடிக்கு ஒரு நொடி மட்டும் விழித்து, மற்ற 99 நொடியும் 0.01 மில்லி ஆம்பியரில் உறங்கினால், சராசரிச் செலவு சுமார் 0.21 மில்லி ஆம்பியர் ஆகும். அப்போது அதே பேட்டரி 9,500 மணி நேரம், அதாவது ஓராண்டுக்கும் மேல் தாங்கும். பட்டன் அழுத்தப்பட்டவுடன் சிப்பை எழுப்பும் முறைக்குக் குறுக்கீடு என்று பெயர். வாசலில் அழைப்பு மணி இருந்தால், யார் வருகிறார் என்று நாள் முழுதும் கதவருகே நிற்க வேண்டாம் அல்லவா? குறுக்கீடும் அத்தகையதே.

இரண்டாவது பாடம் சிப்பின் தொழில்நுட்பம் பற்றியது. 1963இல் அமெரிக்காவின் ஃபிராங்க் வான்லாஸ் முன்வைத்த சீமாஸ் சுற்றுகள், நிலை மாறும் கணத்தில் மட்டுமே கணிசமான மின்சாரம் எடுக்கும். அந்தச் செலவு கடிகார வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் அமையும். 5 வோல்ட்டில் ஓடும் சிப்பை 3 வோல்ட்டில் ஓட்டினால், 25க்கு 9 என்ற கணக்கில் செலவு 36 விழுக்காடாகக் குறையும். ஆகவே தேவைக்கு மேல் வேகம் வைக்காமலிருப்பதே சிக்கனம். 2003இல் தயாரான இந்திய இயந்திரம் ஒன்றை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, அதில் இருந்தது ஜப்பானின் எச்8/3644 வகை 8 பிட் நுண்கட்டுப்படுத்தி. மிகக் குறைந்த மின்செலவுக்கெனச் செய்யப்பட்ட சிப் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் கடிகார வேகம் 9 மெகாஹெர்ட்சுக்கும் குறைவு. அன்றைய வீட்டுக் கணினிகளோ ஆயிரம் மெகாஹெர்ட்சைத் தாண்டியிருந்தன. வாக்குகளை எண்ண அந்தச் சிறு வேகமே தாராளம்.

மூன்றாவது பாடம் நினைவகம். மின்சாரம் நின்றாலும் அழியாத ஈ.ஈ.ப்ராம் வகைச் சிப்புகளில் வாக்குகள் எழுதப்படுகின்றன. காப்புப் பொருளால் சூழப்பட்ட சிறு பகுதியில் மின்னூட்டம் சிறைப்பட்டு நிற்பதால், அதைக் காக்கப் பேட்டரி தேவையில்லை. பேட்டரி தீர்ந்து மாற்றினாலும் பதிவான வாக்குகள் அப்படியே இருக்கும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு, ஜூன் 4 அன்று எண்ணிக்கை. இடைப்பட்ட 46 நாட்களும் இயந்திரங்கள் அணைக்கப்பட்ட நிலையில் காப்பறையில் இருந்தன. எண்ணிக்கை நாளில் இயக்கியதும் எண்கள் வந்தன.

வரம்புகளும் வளர்ச்சியும்

சிக்கனமான கருவிக்கு வரம்புகளும் உண்டு. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பேருக்குத்தான் இடம். பழைய இயந்திரத்தில் அதிகம் 4 கருவிகள் இணைத்து 64 வேட்பாளர்கள் வரை கொள்ளலாம். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. அப்படியொரு தேர்தலை இந்த இயந்திரம் தாங்காது.

2013க்குப் பின் வந்த மூன்றாம் தலைமுறை (எம்3) இயந்திரத்தில் 24 கருவிகள் வரை இணைத்து, நோட்டா உட்பட 384 பெயர்கள் வைக்கலாம். 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் போட்டியிட்டபோது ஒவ்வொரு சாவடியிலும் 12 கருவிகள் வரிசையாக வைக்கப்பட்டன. இங்கும் மின்சாரக் கணக்கே முன்னால் நிற்கிறது. நீண்ட வரிசைக்கு ஒரே பேட்டரி போதாது என்பதால், 4 கருவிகளுக்கு மேல் போனால் 5, 9, 13, 17, 21ஆவது கருவிகளில் தனித்தனிப் பேட்டரித் தொகுப்பு பொருத்த வேண்டும்.

தமிழ்நாடு முழுவதும் இயந்திரத்தில் வாக்களித்தது 2001 மே 10 சட்டமன்றத் தேர்தலில். கேரளம், மேற்கு வங்கம், புதுச்சேரி ஆகியவையும் அவ்வாண்டே இயந்திரத்துக்கு மாறின. 2004 மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளிலும் இயந்திரமே. பின்னர் தமிழ்நாடு கடும் மின்வெட்டைச் சந்தித்தது. 2011 தேர்தலில் மின்வெட்டே பெரிய பேச்சாக இருந்தது. கரண்ட் இல்லை என்ற குறையைப் பதிவு செய்ய மக்கள் அழுத்திய பட்டனுக்கு அந்தக் கரண்ட் தேவைப்படவில்லை.

சிறுமையே பலம், சிறுமையே கேள்வி

மின்சாரச் சிக்கனத்துக்காகச் செய்த தேர்வுகள் பாதுகாப்புக்கும் உதவின. இயந்திரத்தில் இணைய வசதியோ, வானொலி அலை வாங்கியோ, பொதுக் கணினிகளில் உள்ளது போன்ற இயங்குதளமோ இல்லை. இவையெல்லாம் மின்சாரம் தின்பவை. இவை இல்லாததால், தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழிகளும் இல்லை. நிரல் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடியதாகச் சிப்பில் பதிக்கப்படுகிறது.

ஆனால் ஒருமுறை எழுதி மூடிய சிப்பை வெளியிலிருந்து படித்துச் சரிபார்ப்பதும் கடினம். 2010இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்கிரைப் ஆகியோர் அடங்கிய குழு, மேலே குறிப்பிட்ட ஆய்வில் இதையே சுட்டியது. இயந்திரத்தை நேரில் கையாள வாய்ப்புக் கிடைத்தால், காட்சித் தகட்டை அதே போன்ற போலித் தகட்டால் மாற்றி முடிவைத் திரிக்க முடியும் என்று அவர்கள் செய்து காட்டினர். முத்திரை, பூட்டு, கட்சி முகவர்களின் கண்காணிப்பு ஆகிய நடைமுறைகளால் அத்தகைய வாய்ப்பு கிடைக்காது என்பது தேர்தல் ஆணையத்தின் பதில். ஜெர்மனியில், நிபுணத்துவம் இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று கூறி, 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அங்கு பயன்பட்ட இயந்திரங்களை ஏற்க மறுத்தது.

இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் ஒப்புகைச்சீட்டு இயந்திரம் (விவிபாட்) முதன்முதலாகப் பயன்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொன்னது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் அது இருந்தது. வாக்களித்தவரின் தேர்வு ஒரு சீட்டில் அச்சாகி, கண்ணாடிச் சாளரத்தின் பின்னே 7 நொடிகள் தெரிந்து, பெட்டிக்குள் விழுகிறது.

இந்த 7 நொடிகளுக்கு மின்சாரத்தில் ஒரு விலை உண்டு. ஒப்புகைச்சீட்டு வெப்ப முறையில் அச்சாகிறது. வெப்பம் உண்டாக்குவதும், தாளை நகர்த்தி வெட்டுவதும், சாளரத்துக்கு விளக்கு எரிப்பதும் எண்ணை நினைவகத்தில் எழுதுவதைவிட மிகுந்த மின்சாரம் கேட்பவை. அதனால் விவிபாட் கருவிக்கு 22.5 வோல்ட் பேட்டரித் தொகுப்பு தனியாகத் தரப்பட்டது. கட்டுப்பாட்டுக் கருவியின் 7.5 வோல்ட்டோடு இதை ஒப்பிட்டால், வாக்கைப் பதிவதைவிட அதைக் கண்ணுக்குக் காட்டுவது எவ்வளவு கனமான வேலை என்பது விளங்கும்.

99 விழுக்காடு

2024 அக்டோபரில் ஹரியானா சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்தபோது பேட்டரியே விவாதப் பொருளாயிற்று. நாள் முழுதும் வேலை செய்த சில இயந்திரங்கள் எண்ணிக்கை நாளில் 99 விழுக்காடு காட்டியது எப்படி என்று காங்கிரஸ் கட்சி புகார் அளித்தது. ஆணையத்தின் விளக்கம் இது: மின்னழுத்தம் 8 முதல் 7.4 வோல்ட் வரை இருக்கும்போது திரையில் 99 என்றே காட்டும். 7.4க்குக் கீழே இறங்கிய பிறகுதான் 98 முதல் படிப்படியாகக் குறையும். 5.8 வோல்ட்டில் 10 விழுக்காடு என்று காட்டி, பேட்டரியை மாற்றச் சொல்லும்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். கருவி அளப்பது மின்னழுத்தத்தை. திரை காட்டுவதோ விழுக்காட்டை. எஞ்சிய மின்னூட்டத்தை மின்னழுத்தத்திலிருந்து மதிப்பிட, வடிவமைப்பாளர் எழுதிய ஓர் அட்டவணை இடையில் நிற்கிறது. குடத்து நீரை வெளியிலிருந்து தட்டிப் பார்த்து அளவு சொல்வது போன்றது இது. பொறியாளருக்கு இந்தத் தோராயம் போதும். பேட்டரியை எப்போது மாற்றுவது என்று அலுவலர் அறிந்தால் சரி. ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கும் மக்கள் முன் அதே எண் வரும்போது, அது எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டியதாகிறது.

2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம், எல்லா ஒப்புகைச்சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. எனினும் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுத்து மூலம் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் 5 விழுக்காடு இயந்திரங்களின் நுண்கட்டுப்படுத்தி நினைவகத்தைச் சரிபார்க்க வழி செய்தது. 1984இல் ‘இயந்திரம்’ என்ற சொல்லே சட்டத்தில் இல்லை என்று சொன்ன அதே நீதிமன்றத்தின் தீர்ப்பில், 40 ஆண்டுகளுக்குப் பின் ‘மைக்ரோகன்ட்ரோலர்’ இடம்பெற்றது.

பொறியியல் மாணவர்களுக்கு

இன்று சில நூறு ரூபாய்க்கு நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் கிடைக்கின்றன. மண்ணின் ஈரம் அளக்கும் கருவி, கிணற்று நீர்மட்டம் காட்டும் கருவி எனப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பலவற்றைச் செய்கின்றனர். அவர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் தரும் வழிமுறை எளிது. முதலில் கருவி எங்கே, யார் கையில் இயங்கப்போகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். எந்த வேலை உண்மையில் தேவை, எது தேவையில்லை என்று பிரிக்க வேண்டும். தேவையான வேலைக்குச் சிப்பை எழுப்பி, முடிந்ததும் உறங்கவிட வேண்டும். மின்சாரம் நின்றாலும் அழியக் கூடாதது எது என்று முடிவு செய்து, அதை மட்டும் அழியா நினைவகத்தில் எழுத வேண்டும்.

அதோடு, கருவி தருவது சரிதான் என்று அதைப் பயன்படுத்துபவர் எப்படி அறிவார் என்பதையும் மின்சாரக் கணக்கில் சேர்க்க வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தின் முதல் முப்பது ஆண்டுகளில் அந்தச் செலவு கணக்கில் இல்லை. சாளரத்தின் பின்னே 7 நொடி தெரியும் சீட்டுக்காக, பின்னர் 22.5 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கூடவே சுமக்க வேண்டியதாயிற்று.